விட்டு வைத்தல்

'பெப்சி பாசி' என்பது நல்ல பெயர். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் கரைகளில் யாரைக் கேட்டாலும் இந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். விஞ்ஞானப் பெயர் கப்பாபைகஸ் அல்வரேசி. அதிலாவது ஒரு பிலிப்பைன்ஸ்காரரின் பெயர் ஒளிந்திருக்கிறது. ஊர் வைத்த பெயரில் இருப்பது ஒரு குளிர்பானக் கம்பெனி. 2000களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி ஒப்பந்த முறையில் இந்தப் பாசியை இங்கே வளர்க்க ஏற்பாடு செய்தது. 2008இல் விலகிக்கொண்டது. கம்பெனி போன பிறகும் பெயர் போகவில்லை. பெயர் வைத்தவர்கள் விமர்சனம் எதையும் உத்தேசித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் இந்தப் பொருளை யார் கொண்டுவந்தார்கள், யாருக்காக வளர்க்கிறோம் என்ற இரண்டும் அந்தப் பெயரில் சேர்ந்து நிற்கின்றன. நம்முடைய கட்டுரைகளில் இந்தச் சிக்கனம் அபூர்வம்.

அந்தக் கரையில் ஒரு வங்கிக் கிளையில் சில வருஷங்கள் குமாஸ்தாவாக இருந்தேன். மகளிர் சுய உதவிக் குழுக்களின் கடன் விண்ணப்பங்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். ஆங்கில இலக்கியம் படித்தவன் என்பதால், விண்ணப்பங்களோடு வரும் ஆங்கிலத் திட்ட அறிக்கைகளைப் படித்துச் சுருக்கம் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. சுருக்கம் எழுதுகிறவன் வார்த்தைகளை நின்று பார்த்தாக வேண்டும். அப்படி நின்று பார்த்த ஒரு வார்த்தை 'ரீஜெனரேடிவ்'. சமீப வருஷங்களில் கடற்பாசி பற்றிய எந்த அறிக்கையும் இந்த வார்த்தை இல்லாமல் தொடங்குவதில்லை. தமிழில் வரும் துண்டுப் பிரசுரங்களில் 'மீளுருவாக்கம்' என்று போடுகிறார்கள். பாசி வளர்த்தால் கடல் புதுப்பிக்கப்படும், கரையோர மக்களின் வாழ்வும் புதுப்பிக்கப்படும் என்பது இதன் அர்த்தம். ஒரே வார்த்தைக்குள் கடலையும் மனிதரையும் வைத்துவிடுகிறார்கள். இரண்டையும் புதுப்பிப்பது எது என்பதுதான் பிரச்னை.

முதலில் அறிக்கைகள் சொல்வதில் உண்மையானதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பயிருக்கு நிலம் வேண்டாம், நல்ல தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம். தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ், கரியமில வாயு இவற்றை எடுத்துக்கொண்டு வளர்கிறது. அறுவடையோடு இந்தச் சத்துகளும் கடலைவிட்டு வெளியேறுகின்றன. சாக்கடையும் வயல் உரமும் வந்து சேர்கிற கடலுக்கு இது நல்லதுதான். கரியமில வாயுவைப் பற்றிய பேச்சில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. பாசியிலிருந்து கராஜீனன் எடுத்து அதை ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்த்த பிறகு, அதில் இருந்த கரி சீக்கிரமே காற்றுக்குத் திரும்பிவிடும். இதை அறிக்கைகள் சொல்வதில்லை. பாசிச் சாற்றைப் பயிருக்குத் தெளிக்கும் ஊட்டமாக விற்கிறார்கள். அதற்கு மதிப்பு உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், பெண்கள் கையில் நேராகக் காசு வருகிறது. படகும் வலையும் ஆண்களுடையவை என்றிருக்கிற ஊரில் இது சின்ன விஷயமல்ல.

வளர்க்கும் முறை எளிமையானது. 3 மீட்டர் சதுரத்தில் ஒரு மூங்கில் மிதவை. அதில் 20 கயிறுகள். ஒவ்வொரு கயிற்றிலும் 20 இடங்களில் பாசித் துண்டு கட்டுவார்கள், ஒரு துண்டு 150 கிராம். மொத்தம் 60 கிலோ. ஓரா மீன் வந்து மேயாமல் இருக்க அடியில் பழைய வலை. 45 நாளில் ஏறக்குறைய நாலு மடங்காகிவிடும். அதில் 60 கிலோவை அடுத்த மிதவைக்கு எடுத்துவைத்துவிட்டு மற்றதைக் காய வைப்பார்கள். காய்ந்தால் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும். இந்தக் கணக்கு முழுவதும் கடன் படிவத்துக்காகவே பிறந்தது போல இருக்கும். 365ஐ 45ஆல் வகுத்தால் 8. வாடை அடிக்கும் மூன்று மாதத்தைக் கழித்தால் 6. படிவத்தில் 'சுழற்சி' என்ற கட்டத்தில் 6 என்று எழுதலாம்.

இந்தச் சுழற்சி என்பது என்ன? வித்தில்லை, முளையில்லை. ஒரு துண்டை ஒடித்துக் கட்டுகிறோம், அது வளர்கிறது, அதிலிருந்து இன்னொரு துண்டை ஒடிக்கிறோம். பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு, கடல்சார் ரசாயன ஆராய்ச்சி நிலையம் 1990களில் ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்த கொஞ்சம் பாசிதான் மண்டபம் கரையில் பெருகியது. அதாவது பல்லாயிரம் மிதவைகளில் தொங்குவது, ஓர் அர்த்தத்தில், அந்த ஒரே பழைய செடியின் துண்டுகள். 2013-14இல் கடல் சூடேறியபோது பாசி வெளுத்து, உடைந்து, பெருமளவில் செத்தது. எல்லாம் ஒன்றே என்றால் ஒன்றுக்கு வருவது எல்லாவற்றுக்கும் வரும். நான் அந்தக் கிளைக்குப் போனது அதற்குப் பல வருஷங்கள் கழித்து. பழைய கோப்புகளில் அந்த வருஷத்துக் கடன்களைப் பார்த்திருக்கிறேன். தவணைக் கட்டங்கள் வரிசையாகக் காலியாக இருக்கும், பிறகு வேறு கையெழுத்தில், வேறு மசியில், கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியிருக்கும். மீன் விற்ற காசோ நகை வைத்த காசோ, அதைக் கோப்பு சொல்லாது.

செத்தது ஒரு பக்கம் என்றால், சாகாமல் போனது இன்னொரு பக்கம். மிதவையிலிருந்து ஒடிந்த துண்டுகள் நீரோட்டத்தில் போய்க் குருசடைத் தீவின் மான்கொம்புப் பவளங்கள்மேல் பிடித்துக்கொண்டன. 2008இல் 'கரன்ட் சயன்ஸ்' இதழில் இதைப் பற்றிக் கட்டுரை வந்தது. பவளத்தின் மேல் பாசி பாய்போல் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது, அடியில் பவளம் மடிகிறது. கையால் பிய்த்து எடுத்தாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் துண்டிலிருந்து மறுபடி வளர்கிறது. பாதிப்பின் பரப்பு சிறியது என்று வாதித்தவர்களும் உண்டு. இதற்கு முன்பே, 2005இல், தமிழக அரசு இந்தப் பயிரை மன்னார் வளைகுடாப் பூங்காவுக்கு வெளியே, வடகடல் பக்கத்துக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் ஒதுக்கி ஆணை போட்டிருந்தது. கடலுக்கு ஆணை புரிவதில்லை.

இங்கே நான் நின்றுவிட்ட இடம் இதுதான். அறிக்கை இந்தப் பாசியின் எந்தக் குணத்தை மெச்சுகிறதோ, அதாவது ஒடித்த இடத்திலிருந்து ஓயாமல் வளரும் குணத்தை, அதே குணம்தான் குருசடையில் பவளத்தைக் கொன்றது. மிதவையில் இருந்தால் மீளுருவாக்கம், பவளத்தில் இருந்தால் ஆக்கிரமிப்பு. பாசிக்கு இந்த வேற்றுமை தெரியாது. அப்படியென்றால் அந்த வார்த்தை பாசியைப் பற்றியதாக இருக்க முடியாது. அது வளர்ச்சியைப் பற்றிய வார்த்தை. மீளுதல் என்ற முன்பாதி அதில் அலங்காரம்.

நம் வட்டத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு உவமை உடனே கைக்கு வரும். அயல்நாட்டுப் பாசி உள்ளூர்ப் பவளத்தைக் கொன்றதுபோல, அயல்நாட்டுக் கவிதை உள்ளூர் யாப்பைக் கொன்றது என்று. புதுக்கவிதையைப் பற்றி இந்தக் குற்றச்சாட்டு அறுபது வருஷத்துக்கு மேலாக வெவ்வேறு வேஷத்தில் வந்துகொண்டிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. மிளகாயும் மரவள்ளியும் கடல் தாண்டி வந்தவைதான். ராமநாதபுரம் முண்டு மிளகாயை இன்று யாரும் அந்நியம் என்று சொல்வதில்லை. பிச்சமூர்த்திக்கு விட்மன் தூண்டுதல் என்பது அவரே மறைக்காத விஷயம். ஆனால் அவர் விட்மனில் ஒரு துண்டு ஒடித்துக் காவேரிக் கரையில் கட்டவில்லை. வந்த இடத்தில் வித்தாக விழுந்து, இங்குள்ள வெயிலையும் மழையையும் வாங்கி, வேறொன்றாக முளைப்பது ஒரு வகை. துண்டுக்குத் துண்டு ஒடித்துக் கட்டி எடை ஏற்றுவது இன்னொரு வகை. முதல் வகைக்குத்தான் மீளுதல் என்று பெயர் வைக்கலாம். இரண்டாவது வகைக் கவிதைகளும் நம்மிடம் நிறைய உண்டு. அவற்றில் பாதி பச்சைத் தமிழ் மரபிலிருந்து ஒடித்தவை. எங்கிருந்து வந்தது என்பதைவிட எப்படிப் பெருகுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

வித்தைப் பற்றிய இந்தப் பேச்சு உருவகம் மட்டுமல்ல. பாசிப் பயிரிலேயே இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஜப்பானியர்கள் சோற்றைச் சுற்றிச் சாப்பிடும் நோரிப் பாசியை நூற்றாண்டுகளாகப் பயிரிட்டார்கள். ஆழமில்லாத கடலில் மூங்கில் கிளைகளை நட்டுவைப்பார்கள், பாசி தானாக வந்து பிடிக்கும். எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. சில வருஷம் வரும், சில வருஷம் வராது. கோடையில் அந்தப் பாசி இருக்கும் இடமே தெரியாது. இந்தப் புதிரை அவிழ்த்தது மான்செஸ்டரில் இருந்த காத்லீன் ட்ரூ-பேக்கர். 1928இல் கல்யாணம் ஆனதும், மணமான பெண்களை வைத்துக்கொள்ளாத பல்கலைக்கழக வழக்கத்தால் உத்தியோகம் போய், சம்பளமில்லாத ஆராய்ச்சியாளராக அங்கேயே வேலை செய்தவர். கிளிஞ்சல்களுக்குள் துளைத்து வாழும் ஒரு இளஞ்சிவப்புப் பாசி உண்டு. அதற்கு வேறு பெயர் வைத்து வேறு இனமாக எண்ணியிருந்தார்கள். அது நோரியின் உறவான இங்கிலாந்துப் பாசியின் இன்னொரு பருவம்தான் என்று 1949இல் 'நேச்சர்' இதழில் காட்டினார். பாசி கோடையைக் கிளிஞ்சலுக்குள் கழித்துவிட்டு, குளிர் வந்ததும் வித்துகளாக வெளியே வருகிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் இதைத் தங்கள் பாசியில் சோதித்துப் பார்த்து, கிளிஞ்சலில் வளர்த்து, வலையில் விதைக்கக் கற்றுக்கொண்டார்கள். குமாமோட்டோ பகுதியில் உடோ என்ற ஊரில் 1963இல் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். வருஷந்தோறும் ஏப்ரல் 14 அன்று அங்கே கொண்டாடுகிறார்கள். அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கோடை. கண்ணுக்குத் தெரியாத மாதங்களில், பயிர் இல்லை என்று நாம் நினைக்கும் காலத்தில், பயிர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அந்த இடைவெளியைத் தெரிந்துகொள்ளாதவரை விவசாயம் சூதாட்டமாக இருந்தது. தெரிந்துகொண்ட பிறகு இடைவெளியும் விவசாயத்தில் ஒரு பகுதி ஆயிற்று.

நம் கரையில் அந்த இடைவெளியை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அறிக்கைகளில் அவர்கள் வருவதில்லை. மிதவைக்கு முன்பிருந்தே பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களும் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களும் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுக்கிறவர்கள். சேலைக்கு மேல் சட்டை, கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை. பாறையில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுப்பார்கள். மரிக்கொழுந்து மதுரைப் பக்கத்து ஆலைகளில் அகர் ஆகும். நோன்பு திறக்கிற வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்து 'கடல்பாசி' என்று உறையவைத்துத் தருகிறார்களே, அதுவும் அகர்தான். அந்தத் தட்டில் வில்லை போட்டு வைத்திருப்பதற்கும் பாறையில் மூச்சடக்கிக் கிடப்பதற்கும் உள்ள தூரத்தை யாரும் கேட்பதில்லை.

1986இல் 21 தீவுகளையும் சேர்த்து மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா ஆனது. பூங்கா என்றால் உள்ளே எடுப்பது குற்றம். அம்மாவும் பாட்டியும் எடுத்த பாறையில் இவர்கள் எடுத்தால் வழக்கு. பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் படகு படகாக ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. அதில்தான் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயின. மிச்சமிருந்த பவளம் 2010இலும் 2016இலும் கடல் சூட்டில் வெளுத்தது. இவற்றில் எதற்கும் இந்தப் பெண்கள் காரணமல்ல. ஆனால் தீவுக் கரையில் பிடிபடுவதற்கு எளிதானவர்கள் இவர்கள்.

அவர்கள் செய்தது இது. தங்களுக்குள் கூடிப் பேசி, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளைக் கைவிட்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று குறைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கூட்டமைப்பின் தலைவி லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. பரிசு பத்திரிகைகளில் வந்தது. 12 நாள் என்பதன் பொருள் அவ்வளவாக வரவில்லை. மிச்ச 18 நாள் கூலியில்லை என்பதுதான் அதன் பொருள்.

இப்படி மூழ்கும் ஒரு பெண்மணியிடம் ஒருநாள் கரையில் பேசிக்கொண்டிருந்தேன். வங்கிக்கு வந்தால் என்னை 'சார்' என்பார், கரையில் 'தம்பி'. எப்படி எடுப்பீர்கள் அக்கா என்று கேட்டேன்.

"சீவுற மாதிரி எடுக்கணும் தம்பி. தலைமுடியச் சீவுற மாதிரி. அடி பாறையிலயே இருக்கணும். அடியோட வந்துருச்சுன்னா அடுத்த அமாவாசைக்கு எனக்கு அங்க என்ன வேலை?"

எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறார்களா என்றேன்.

"எடுக்காதவளும் இருக்கா. ஏசுவோம். பெறகு அவளும் விட்டு வைப்பா."

அவருடைய குழுவில் ஐந்து பேர் மிதவை போட்டிருந்தார்கள், கடனும் வாங்கியிருந்தார்கள். மற்றவர்கள் மூழ்கிறவர்கள். மூழ்கிறவர்களுக்கு வங்கியில் படிவம் இல்லை. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. கடன் என்றால் ஒரு சொத்து வேண்டும். மூங்கிலும் கயிறும் வலையும் சொத்து, அவற்றுக்கு விலை உண்டு. விட்டு வைத்த பாசிக்கு விலை எழுத முடியாது. 12 நாள் வேலையைத் 'தொழில்' என்று எழுதலாம், 18 நாள் நிறுத்தத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஓயாமல் வளர்கிறது என்று சொல்ல முடிந்தால்தான் காகிதம் நகரும். அதனால் கடலைப் புதுப்பிக்கும் செயல் என்ற தலைப்பின் கீழ்க் கடன் வாங்குகிறவர்கள் மிதவைக்காரர்களாகவே இருக்கிறார்கள். பாறையில் அடியை விட்டுவிட்டுக் கைநிறைய எடுக்காமல் மேலே வருகிறவர்கள் சட்டத்தின் பார்வையில் அத்துமீறுகிறவர்களாக இருக்கிறார்கள். இதை மொழிப் பிரச்னை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் மொழியில்தான் இது ஒளிந்துகொண்டிருக்கிறது.

மிதவைக்கு நான் விரோதியல்ல. அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பியது மிதவைக் காசில்தான். மூழ்கிறவர்களின் முதுகும் காதும் ஐம்பது வயதில் என்ன ஆகிறது என்று பார்த்தவன், அந்த வாழ்க்கையைத் தூர நின்று புனிதமாக்கத் துணிய மாட்டான். அந்தப் பெண்மணியே தன் மருமகள் மூழ்கப் போவதை விரும்பவில்லை. மிதவை வேண்டும் என்கிறார். நான் கேட்பது குறைவானது. விட்டு வைக்கத் தெரிந்த அந்த அறிவை மிதவைக்கும் கொண்டுபோக முடியுமா என்பது. கஞ்சிப்பாசி போன்ற உள்ளூர் இனங்களைக் கயிற்றில் வளர்க்கும் சோதனைகள் மண்டபத்தில் நெடுநாளாக நடக்கின்றன. அவை இவ்வளவு வேகமாக எடை ஏறுவதில்லை, ஆகவே கடன் படிவத்தில் அழகாக உட்காருவதில்லை. மிதவையின் நிழல் அடியில் இருக்கும் கடற்புல்லின் மேல் விழும். எந்த இடத்தில் எத்தனை மிதவை, எத்தனை மாதம் எடுத்துவைப்பது என்பதெல்லாம் 12 நாள் ஒப்பந்தம் போட்டவர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயங்கள். அவர்களை யாரும் இதற்குக் கூப்பிட்டதாகக் கோப்புகளில் நான் பார்க்கவில்லை.

காரியங்கள் வேகமாக நடக்கின்றன. 2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குக் கடற்பாசிப் பூங்கா என்று அறிவித்தார்கள். 2023 செப்டம்பரில் திருவாடானைப் பக்கம் வலமாவூரில் அடிக்கல் நாட்டினார்கள். திட்ட மதிப்பு சுமார் 127 கோடி ரூபாய். 2024இல் உயிருள்ள கடற்பாசியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கான வழிகாட்டு நெறிகள் வந்தன. நோய் வராமல் தனிமையில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. பழைய துண்டுகள் களைத்துவிட்டன, புதுத் துண்டுகள் வேண்டும் என்பது இதன் பின்னணி. இந்தமுறை சோதித்துக் கொண்டுவருவார்கள் என்பது முன்னேற்றம்தான். துண்டுக்குப் பதில் இன்னொரு துண்டு என்பதில் மாற்றமில்லை.

'பூங்கா' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். 1986இல் வந்த பூங்காவுக்குள் பாசி எடுத்தால் குற்றம். 2023இல் வந்த பூங்கா பாசி எடுப்பதற்காகவே. இரண்டு பூங்காவுக்கும் நடுவில், வடகடலுக்கும் தென்கடலுக்குமாக அலைகிறவர்கள் ஒரே பெண்கள். வலமாவூரில் நாற்றுக்கூடம் தயாரானதும் முதல் கயிற்றில் எந்தப் பாசியைக் கட்டுவார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கும் கை மரிக்கொழுந்தை அடி விட்டுச் சீவத் தெரிந்த கையா என்றும்.